சீ வாரம்

கேளம்பாக்கம் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு வீட்டின் மாடியை வாடகைக்குப் பிடித்து, சுவரில் யானைக்கு ஊதாவும் ஒட்டகச்சிவிங்கிக்குப் பச்சையும் அடித்து, 'ப்ராடிஜி பெட்டல்ஸ் ஏர்லி லேர்னிங் அகாடமி' என்று பலகை மாட்டியிருந்தார் லக்ஷ்மிநாராயணன். மூன்றரை வயதுப் பிள்ளைகள் இருபத்தாறு பேர் காலை ஒன்பதரைக்கு வந்து, கொஞ்ச நேரம் அழுது, பன்னிரண்டரைக்குத் திரும்பிப் போகிற இடத்துக்கு அகாடமி என்பது சற்றுக் கனமான பெயர்தான். ஷேர் ஆட்டோக்காரர்கள் அதை 'பிராஜி பால்வாடி' என்று சொன்னார்கள். பால்வாடி என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் அவர் முகம் புளியைக் கடித்தது போல ஆகும்.

சகுந்தலாவுக்கு அந்த இரண்டு பெயர்களைப் பற்றியெல்லாம் யோசிக்க நேரமில்லை. அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. செங்கல்பட்டில் ஒரு நர்சரிப் பள்ளியில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு, கேளம்பாக்கத்தில் புதிய முறை, புதிய படிப்பு என்று கேள்விப்பட்டு இங்கே வந்து சேர்ந்தவள். முதல் ஆறு மாதம் புரொபேஷன். அது வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்று சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து வகுப்பைப் பார்த்துப் படிவம் நிரப்புவார். படிவம் நன்றாக இருந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பழைய பள்ளிக்கும் போக முடியாது. அங்கே அவள் நாற்காலியில் இன்னொரு பெண் உட்கார்ந்து ஆறு மாதம் ஆகிறது.

எனவே அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் வழியாக வரும் பேருந்தில் இடம் கிடைத்தாலும் நான்கு நிறுத்தத்துக்கு ஒருமுறை எழுந்து நின்றுகொண்டாள். பேனா மூடியைக் கடித்துக் கடித்து அது முந்திரிப் பருப்பு மாதிரி வளைந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் 'தீம்'. லக்ஷ்மிநாராயணன் சென்னையில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்த நாளிலிருந்து வாரத்துக்கு ஒரு தீம். பழம் என்றால் வாரம் முழுக்கப் பழம். பாட்டு, படம், ஓட்டம், எண்ணிக்கை எல்லாம் பழத்தைச் சுற்றியே வரவேண்டும். அதற்கு ஒரு அட்டவணை உண்டு. சர்க்கிள் டைம் என்றால் வட்டமாக உட்காருவது. ஃபைன் மோட்டார் என்றால் மணி கோப்பது. கிராஸ் மோட்டார் என்றால் ஓடுவது. மாடிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் மட்டும் எந்தக் கட்டத்திலும் அடங்காமல் வாரத்துக்கு இரண்டு நாள் படுத்துக்கொள்ளும்.

ஆள் வருவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், வெள்ளிக்கிழமை மாலை தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. லக்ஷ்மிநாராயணன் எழுந்து நின்று, "யெஸ், யெஸ், வெரி குட்" என்று பேசி வைத்துவிட்டுச் சொன்னார்:

"அடுத்த வாரம் தீம் 'சீ'. இன்ஸ்பெக்‌ஷன் வாரம். பிரமாதமாப் பண்ணிடணும்."

"சீன்னா சார்?"

"சீன்னா சீ. இதைக்கூட விளக்கணுமா? பன்னெண்டு வருஷம் என்ன சொல்லிக்கொடுத்தேள் அங்கே?"

சகுந்தலா தன் மேஜைக்குத் திரும்பினாள். ஏ, பி, சீ என்கிற சீ என்று எடுத்துக்கொண்டாள். கேட், கப், கேரட், கேமல் என்று ஐந்து நாளுக்கும் கட்டம் கட்டமாக நிரப்பினாள். வாசலில் இருந்த கரும்பலகையில், பிள்ளைகளைக் கொண்டுவிட வருகிற தாத்தாக்களுக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே எழுதினாள்: 'இந்த வாரம் சீ வாரம். சீ-யில் தொடங்கும் பொருள் ஒன்று கொடுத்தனுப்பவும்.'

திங்கட்கிழமை பாதிப் பேர் கேரட் கொண்டுவந்தார்கள். மீதிப் பேர் சீப்பு, சீயக்காய், ஒரு டப்பா சீரகம். ஒருத்தன் சீத்தாப்பழம் கொண்டுவந்து வழியிலேயே தின்றுவிட்டு, கொட்டையை மட்டும் ஒப்படைத்தான். "கேரட்ல சீ எங்கே இருக்கு?" என்று ஒரு தாத்தா படிக்கட்டிலேயே நின்று வழக்காடினார். அவர் கேட்டது நியாயம்தான் என்பதால் சகுந்தலா சிரித்து மழுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை அதைவிட வினோதம். வகுப்பில் படிக்கும் அதிதியின் அம்மா சகுந்தலாவைக் கேட்டருகே நிறுத்தினாள். மென்பொருள் கம்பெனிக்காரி, காதில் தொலைபேசி, கையில் வண்டிச் சாவி.

"மிஸ், நேத்துலேர்ந்து எதைப் பாத்தாலும் சீங்கறா. உப்புமாவைப் பாத்து சீ. என் மாமியாரைப் பாத்து சீ. இது சிலபஸ்லயே இருக்கா?"

மாமியார் விஷயத்தில் அவள் குரலில் பெரிய வருத்தம் தெரியவில்லை. சகுந்தலா விசாரிப்பதாகச் சொல்லி நழுவினாள். உள்ளே வந்தால், குழாயடியில் ஆயா செங்கம்மாள் எட்டுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திவைத்திருந்தாள்.

"மூக்கு நோண்டுனா?"

"சீ!" என்றன எட்டு மூக்கும் சுருங்கி.

"மண்ணு துன்னா?"

"சீ!"

"செங்கம்மா, என்ன பண்றே?"

"இன்னா மிஸ்ஸு, நீதானே பலகையில எழுதிக்கீற, சீ வாரம்னு? எது எது சீன்னு புள்ளைங்களுக்குத் தெரியத் தாவல? ரெண்டு நாளா சொல்லிக் குட்துகினு கீறேன். பாரு, ஒருத்தனும் மூக்குல கைய வெக்கல."

சகுந்தலா பார்த்தாள். உண்மைதான். ஆறு மாதமாகப் படம் வரைந்தும் பாட்டுப் பாடியும் அவளால் நிறுத்த முடியாத பழக்கம் இரண்டு நாளில் நின்றிருந்தது. திட்டுவதா பாராட்டுவதா என்று தெரியாமல் வகுப்புக்குள் போனாள். கேமல் படத்தைக் காட்டினாள். "சீ!" என்றது வகுப்பு. கேட் படத்தைக் காட்டினாள். அதுவும் சீ. புதன்கிழமை முழுக்க அதை மாற்றப் பார்த்து, அவள் தொண்டைதான் கட்டிப்போனது.

வியாழக்கிழமை மத்தியானம் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. பிரித்தால் நீல செலோபேன் தாள், காகித ஆக்டோபஸ், பிளாஸ்டிக் உறை போட்ட திமிங்கலம், ஒரு கிலோ 'தூய்மை செய்யப்பட்ட கடல் மணல்'. மேலே ஒரு கடிதம்: கடல் வாரத்துக்கான உபகரணங்கள், தாமதத்துக்கு வருந்துகிறோம்.

சகுந்தலா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு லக்ஷ்மிநாராயணன் அறைக்கு ஓடினாள்.

"சார், சீன்னா கடலாம்!"

அவர் ஆக்டோபஸைப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தவறை ஒப்புக்கொள்ள வேண்டிய இடத்தில் எல்லாம் அவர் கண்ணாடி அழுக்காகிவிடும்.

"நான் கடல்னுதானே சொன்னேன்?"

"சீன்னு சொன்னீங்க சார்."

"அதான். சீ...ன்னு கொஞ்சம் நீட்டிச் சொன்னேனே, கவனிக்கலையா? எழுத்துன்னா குட்டையா சொல்லியிருப்பேன். பலகையில எழுதினது யார் கையெழுத்து?"

வாய் அவருடையது. கையெழுத்து அவளுடையது. படிவத்தில் எது ஏறும் என்று அவளுக்குத் தெரியும்.

"சரி சார். நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. கோவளம் அஞ்சு கிலோமீட்டர்கூட இல்லை. ரெண்டு வேன் பிடிச்சா பிள்ளைங்களுக்குக் கடலையே காட்டிடலாம்."

"நல்ல கதையா இருக்கே! நிஜக் கடலைக் காட்டிட்டா அப்புறம் கிட் எதுக்கு?"

அவள் வகுப்புக்குத் திரும்பி ஐந்து நாள் அட்டவணையைக் கிழித்தாள். சர்க்கிள் டைம், அலை. ஃபைன் மோட்டார், கிளிஞ்சல் கோப்பது. கிளிஞ்சலுக்கு எங்கே போவது? உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னல் வரை போய் வந்தாள். செங்கம்மாள் துடைப்பத்தோடு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாத்துக்கு மிஸ்ஸு இப்டி கூண்டுல போட்ட நாயாட்டம் சுத்தினு கீற?"

"செங்கம்மா, உன் வீடு கோவளம் குப்பம்தானே? நாளைக்கு வரும்போது கடல் சம்பந்தமா எதுனா கொண்டா. கிளிஞ்சல், வலைத் துண்டு, எது கிடைச்சாலும்."

"அய்ய, இத்தினிதானா? இதுக்குப் போயா பேஜாரு பட்டுகினு கீற!"

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு சுஷ்மிதா வந்து இறங்கினாள். தலைமை அலுவலகத்தின் 'கரிகுலம் அம்பாசடர்'. இருபத்தாறு வயது இருக்கும். பிள்ளைகளோடு பழகிய அனுபவம் என்றால், ஒரு காலத்தில் அவளும் பிள்ளையாக இருந்தாள். கையில் படிவம், அதில் முப்பத்திரண்டு கட்டம்.

சுவரில் நீலத் தாள் அலையடித்தது. விட்டத்திலிருந்து ஆக்டோபஸ் தொங்கியது. சகுந்தலா சுவரோரம் நின்று புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளிடம் கடலைப் பற்றிப் பேச அவளுக்குக் கிடைத்தது காலையில் அரைமணி நேரம். அதிலும் பாதி நேரம் அழுகைக்குப் போயிற்று.

சுஷ்மிதா நீலத் தாளைக் காட்டி ஆங்கிலத்தில் குயில் மாதிரி கேட்டாள். "குழந்தைகளே, இது என்ன?"

"சீ!" என்றது வகுப்பு, இருபத்தாறு மூக்கையும் சுருக்கி.

சகுந்தலா கண்ணை மூடிக்கொண்டாள்.

"வாவ்!" என்றாள் சுஷ்மிதா. ஆக்டோபஸைக் காட்டினாள். "இது எங்கே வாழும்?"

"சீ!"

"எக்ஸலன்ட்! அதுவும் அந்த முகபாவத்தோட! உணர்ந்து சொல்றாங்க சார். நாப்பது சென்டர் பாத்துட்டேன், இப்படி ரெஸ்பான்ஸ் எங்கேயும் இல்லை."

"நம்ம மெத்தடாலஜி அப்படி" என்றார் லக்ஷ்மிநாராயணன், இல்லாத மீசையைத் தடவி.

"இதை எல்லா சென்டருக்கும் கொண்டுபோகப் போறேன். மிஸ், எப்படிச் சாதிச்சீங்கன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

பேனா காகிதத்தின் மேல் காத்திருந்தது. வாயை மூடிக்கொண்டு தலையாட்டினால் வேலை நிரந்தரம். சகுந்தலாவும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் நாற்பது ஊரில், நாற்பது வகுப்பில், பிள்ளைகள் உப்புமாவைப் பார்த்து மூக்கைச் சுருக்குவது கண்முன்னால் வந்தது. ஐந்து நாளாக உள்ளே கொதித்தது வாய்வழியே வழிந்துவிட்டது.

"மேடம், அதுங்க கடலைச் சொல்லலை. அருவருத்து 'ச்சீ'ங்குதுங்க. நான் தீமைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். ஆயா அதைவிடத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு, மூக்கு நோண்டினா சீன்னு சொல்லிக்கொடுத்துட்டா. நடந்தது இவ்வளவுதான்."

லக்ஷ்மிநாராயணன் கண்ணாடியைக் கழற்றினார்.

சுஷ்மிதா பேனாவால் படிவத்தைத் தட்டினாள். பிறகு அவள் முகம் ஒளிர்ந்தது. "அதாவது தாய்மொழிச் சொல் வழியா ஆங்கிலச் சொல்லுக்குப் பாலம் போட்டிருக்கீங்க! பைலிங்குவல் அப்ரோச்! கூடவே சுகாதாரப் பழக்கம். கம்யூனிட்டி பங்களிப்பு வேற!" ஒரே மூச்சில் ஐந்து கட்டத்தை நிரப்பினாள்.

உண்மையைச் சொன்னால் வேலை போகும் என்று பயந்திருந்த சகுந்தலாவுக்கு, உண்மையைச் சொன்னாலும் ஒன்றும் ஆகாது என்பது அதைவிடப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

அப்போதுதான் செங்கம்மாள் பிளாஸ்டிக் வாளியோடு உள்ளே வந்தாள். "பஸ்ஸு லேட்டு மிஸ்ஸு. கடல் கேட்டியே, இட்டாந்துக்கினேன்" என்று வாளியை நடுவில் வைத்தாள். வைத்த வேகத்தில் அது சாய்ந்தது. கிளிஞ்சலும் உப்புத் தண்ணீரும் ஓட, அவற்றோடு உள்ளங்கை அகலத்தில் ஒரு நண்டு வெளியே வந்து, பக்கவாட்டில் நடந்து, நேராக சுஷ்மிதாவின் காலை நோக்கிப் போனது.

சுஷ்மிதா பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியின் மேல் ஏறி நின்றாள். படிவம் ஒரு பக்கம், பேனா ஒரு பக்கம். "ச்சீ! ச்சீ! எடுங்க அதை! ச்சீ!"

வகுப்பு ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தது. பிறகு அதிதி எழுந்து நின்று கைதட்டினாள். "அந்த மிஸ் கரெக்ட்டா சொல்ட்டாங்க!" எல்லோரும் தட்டினார்கள்.

நண்டைப் பார்த்து மட்டும் ஒரு பிள்ளையும் சீ சொல்லவில்லை. சுற்றிலும் குந்தி உட்கார்ந்துவிட்டார்கள். அதற்கு ஏன் கண் குச்சியில் இருக்கிறது, ஏன் நேராக நடக்கவில்லை, அதன் அம்மா எங்கே என்று கேள்வி மேல் கேள்வி. செங்கம்மாள் அதன் முதுகைப் பிடித்துத் தூக்கிக் காட்ட, ஒன்று, இரண்டு என்று காலை எண்ணினார்கள். கொடுக்கையும் சேர்த்துப் பத்து. அந்தப் பத்து நிமிஷம் சகுந்தலாவும் தரையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

நாற்காலியிலிருந்து இறங்கிய சுஷ்மிதா உடையைச் சரிசெய்துகொண்டு படிவத்தில் எழுதினாள்: 'உயிருள்ள பிராணி மூலம் கற்பித்தல். புதுமை.' "அது என்னோட ஐடியா" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

அடுத்த வாரமே இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று சகுந்தலாவுக்கு: வேலை நிரந்தரம். இன்னொன்று செங்கம்மாளுக்கு: அவள் இனி ஆயா அல்ல, 'கம்யூனிட்டி ரிசோர்ஸ் ஃபெசிலிட்டேட்டர்'. ஆங்கிலக் கடிதத்தைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் சகுந்தலாவிடம் நீட்டினாள்.

"இத்த படிச்சி சொல்லு மிஸ்ஸு. பேரு நீளமாக் கீது. கக்கூஸ் கழுவறது அதுல வருதா இல்லியா?"

சகுந்தலா கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள். "வருது. பதினோராவது நிபந்தனை. 'நிர்வாகம் அவ்வப்போது இடும் இதர பணிகள்.'"

"ஒனக்கு?"

தன் கடிதத்தைப் பிரித்தாள். பக்கத்தைப் புரட்டினாள். பதினோராவது நிபந்தனை அவளுக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் அதேதான்.

"எனக்கும் வருது" என்றாள். உள்ளே லக்ஷ்மிநாராயணன் மணியடித்தார். இரண்டு பேரில் யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியாமல் இரண்டு பேருமே எழுந்தார்கள்.