மடிப்பை மறைக்கும் கறுப்புப் படம்

1

மடக்கு போன் வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பிய அன்று கிடைத்த கதை இது. விற்பனைப் பெண் எப்போது திரையை விரித்துக் காட்டினாலும் அதில் கறுப்புப் படமாகவே இருந்தது. ஏன் என்று கேட்டேன். சிரித்தாள். எனக்கு அது போதாதா?

முதல் வரி: 'அவள் கையில் இருந்தது போன் அல்ல, வெடிகு—'

(வேண்டாம். மர்மக்கதை எழுதிய பழக்கதோஷம்.)

2

இன்று மாதக் கடைசி. இன்னும் ஒரே ஒரு மடக்கு போனை விற்றுவிட்டால் பிரிவுப் பொறுப்பு அவளுக்கு. தவறினால் எதிர் மேசைக்காரனுக்கு.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது வில்லன் இல்லை, அவளுடைய அண்ணன். தச்சன். தலையெல்லாம் மரத்தூள்.

"உதறிட்டு உள்ள வாண்ணா. கடையே தும்மப்போகுது."

"வர்ற கஸ்டமரை இப்படித்தான் வரவேற்பீங்களா மேடம்?"

போன வாரம் சின்னத் திரையில் வரைபடத்தைத் துண்டு துண்டாகப் பெரிதாக்கிப் பார்த்து, ஒரு சமையலறை அலமாரிக் கதவைத் தப்பான பக்கம் மாட்டிவிட்டான். திறந்தால் அடுப்பில் இடிக்கிறது. விரித்தால் முழு வரைபடமும் தெரிகிற போன் வேண்டுமாம்.

"நீ சொன்னா சரி. வாங்கிடட்டுமா?"

3

[இவனை வக்கீலாக்கிவிடலாமா என்று யோசித்தேன். தூள் இருக்காது, விற்பனை முடியும், கதையும் படுத்துவிடும். தச்சனே இருக்கட்டும்.]

என் கட்சி இதுதான்: பேசவும் படம் பார்க்கவும் சாதா போனே தாராளம். விரித்து வைத்து வேலை பார்ப்பவருக்கு மடக்கு போன் வாங்கத் தகுந்தது. ஆனால் தூள் அதற்கு எமன். இவனோ தூளிலேயே பிழைப்பவன்.

அவள் எதிர் மேசையை ஒருமுறை பார்த்தாள். கறுப்புப் படத்தை எடுத்துவிட்டு வெள்ளையை வைத்தாள்.

"நடுவுல என்ன கோடு?"

"மடிப்பு. கறுப்புல தெரியாது, அதான் கறுப்பு வைப்போம். கீலுக்குள்ள தூள் போனா கதை முடிஞ்சுது."

"கீல் எனக்குத் தெரியாதா? கத்துச்சுன்னா எண்ணெய் விடுவேன்."

"இதுக்கு எண்ணெய் விட்டா நான்தான் கத்தணும். சாதா போனோட ஒரு டேப்லெட் வாங்கிக்கயேன்."

"ரெண்டையும் தூக்கிட்டு ஏணியில ஏறவா?"

 

4

முடிவு அ: வாங்குகிறான். அவளுக்குப் பொறுப்பு. பிறகு ஒருநாள் கீல் கிறீச்சி—

முடிவு ஆ: வாங்கவில்லை. எதிர் மேசைக்காரன் இனிப்பு நீட்டுகிறான். அடுத்த வீட்டிலும் ஒரு கதவு தப்பான பக்கம்.

இரண்டையும் அடித்துவிட்டேன். வெள்ளைத் திரையை வைத்ததோடு அவள் வேலை முடிந்தது. அதை எழுதியதோடு என்னுடையதும். விரித்த போனோடு அவன் நிமிர்ந்து பார்க்கிறான். தங்கையை அல்ல, உங்களை.

"வாங்கிடட்டுமா?"