அழுகல் வரிசை

புது ரகக் கரும்பைப் பார்வையிடக் குழு வருகிற நாளன்று விடிந்ததும் எழில்மதி சின்னசேலத்தில் ரயிலை விட்டு இறங்கினாள். பஸ் பிடித்துக் கச்சிராயபாளையம் வந்தவள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே தன் சோதனைப் பயிர் நின்ற ராமசாமியின் கழனிக்கு நடந்தாள். வரப்பில் ஏறிப் பார்த்தபோது இடம் மாறி வந்துவிட்டோமோ என்று தோன்றியது. கழனி அத்தனை சுத்தமாக இருந்தது.

அவள் உருவாக்கிய புது ரகக் கரும்பு ஆள் உயரத்தைத் தாண்டிப் பச்சையாக நின்றது. பாத்திக்குப் பாத்தி நடுவில் நட்டிருந்த பழைய ரக வரிசைகளைத்தான் காணவில்லை. அந்த இடங்களைக் கொத்தி, மட்டம் தட்டி, தண்ணீரும் பாய்ச்சியிருந்தார்கள். மூலையில் ஒரு சாம்பல் குவியல் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

சாம்பலுக்குப் பக்கத்தில் அவள் அம்மா இருசம்மாளும், தாய்மாமன் தெய்வசிகாமணியும், அவருடைய கரும்பு வெட்டு ஆட்களும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் முகத்திலும் கரி. எல்லார் முகத்திலும் சந்தோஷம்.

"பாத்துக்க மதி," என்றார் தெய்வசிகாமணி. "நேத்து காலைல புடிச்சி பொழுது சாய முடிச்சோம். ஒரு அழுகல் கெடையாது. வேரோட நோண்டிக் கொளுத்தியாச்சு."

"இன்னாத்துக்கு மாமா?"

"இன்னாத்துக்கா? பெரிய ஆளுங்க வராங்கன்னு நீதான சொன்ன. தில்லியில பரிசு வாங்கின பொண்ணு கழனில கரும்பு செவந்து நாறிக்கினு நின்னா, நம்ம மூஞ்ச எங்க கொண்டுபோயி வெச்சிக்கிறது?"

"கூலின்னு ஒருத்தரும் வாயத் தொறக்கல," என்றாள் இருசம்மாள். "நம்ம பொண்ணு கழனின்னு அவங்களே கடப்பாரையத் தூக்கிக்கினு வந்தாங்க."

எழில்மதி பையைக் கீழே வைத்தாள். அப்படியே வரப்பில் உட்கார்ந்தாள்.

செவ்வழுகல் கரும்பின் எமன். நோய் கண்ட கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவந்து, நடுநடுவே வெள்ளைத் திட்டோடு, புளித்த கள் வாடை அடிக்கும். அந்த நோய் ஊறிப்போன மண் என்பதால்தான் ராமசாமியின் கழனியை அவள் கேட்டு வாங்கினாள். புது ரகத்துக்குப் பக்கத்திலேயே, நோய்க்குத் தப்பாத பழைய ரகத்தையும் வரிசை வரிசையாக நட்டாள். பழையது செத்து, அதே மண்ணில் புதியது நின்றால்தான் புதியதற்குப் பலம் இருக்கிறது என்று பொருள். பழையது இல்லாவிட்டால், இந்தக் கழனியில் நோயே இல்லையம்மா என்று யாரும் சொல்லிவிட்டுப் போகலாம். அழுகிய வரிசைதான் அவளுக்கு இருந்த ஒரே சாட்சி. அதைத்தான் வேரோடு பிடுங்கிக் கொளுத்தியிருந்தார்கள்.

அவர்கள் கைக்கு வேறெதுவும் தெரியாது. லோடில் ஒரு அழுகல் கலந்தாலும் ஆலையில் திருப்பி அனுப்புவான். கழனிக்காரன் வெட்டுக்காரனைத்தான் ஏசுவான். காலமெல்லாம் வாங்கிய ஏச்சில், சிவப்பைக் கண்டால் தூக்கி எறிய அந்தக் கைகள் பழகிவிட்டன. இந்த வரிசை எதற்கு என்று அவள் எத்தனையோ கூட்டங்களில் படம் போட்டு விளக்கியிருக்கிறாள். இவர்களிடம் மட்டும், "நல்லா பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர்களும் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள்.

கத்த வேண்டும் போல் வந்தது. அம்மா நீட்டிய டீயை வாங்கிக் குடித்தாள். இவர்களைப் பார்த்து எந்த வாயால் கத்துவது?

கரும்பு வெட்டுக்கு ஆள் எடுப்பது ஜோடியாகத்தான். ஒருவர் வெட்ட, ஒருவர் காய்ந்த சோகை இலையைக் கழித்துக் கட்ட வேண்டும். எழில்மதியின் அப்பா பச்சமுத்து செத்துப்போன வருடம் இருசம்மாளுக்கு ஜோடி இல்லை. மகள் கையில் கத்தியைக் கொடு, இல்லாவிட்டால் வராதே என்று மேஸ்திரிகள் சொன்னார்கள். மகளுக்கு அப்போது விடுதியில் இடம் கிடைத்திருந்தது. தெய்வசிகாமணியும் மேஸ்திரிதான். அக்காளுக்கு ஜோடி நிற்க அவரிடமும் தனி ஆள் இல்லை. அந்த அரவைப் பருவம் முழுக்க, மூங்கில்துறைப்பட்டுக் கழனிகளில், தங்கள் பங்கை முடித்தவர்கள் நாளுக்கொருவராக வந்து இருசம்மாளுக்கு ஜோடி நின்றார்கள். பிள்ளை படிக்கட்டும் என்று ஒருவரும் வசனம் பேசவில்லை. "உம்பொண்ணு கலெக்டராயி எங்களுக்கு இன்னா கறி சோறா போடப்போறா?" என்று முனகிக்கொண்டே வெட்டினார்கள். அடுத்த பருவமும் வெட்டினார்கள். அவள் கோயமுத்தூரில் விவசாயக் கல்லூரிக்குப் போகும் வரை வெட்டினார்கள்.

அதன் பிறகுதான் மற்றதெல்லாம் நடந்தது: முனைவர் பட்டம், வெளிநாட்டில் சில வருடம், திரும்பி வந்து ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. கல்வராயன் மலை ஓடைகளில் முளைத்துக் கிடக்கும் பேய்க்கரும்பைச் செவ்வழுகல் தொடுவதில்லை. அதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்து, நாற்றிலேயே இலைத் துண்டைச் சோதித்து எது தாங்கும், எது தாங்காது என்று சொல்லும் வழியையும் கண்டாள். தில்லி விருது அதற்குத்தான். அந்தப் பலத்தை ஏற்றி உருவாக்கியதுதான் இந்தப் புது ரகம். பேய்க்கரும்பைத் தேடி மலை ஏறியபோது மூட்டை சுமந்து வந்தவர் தெய்வசிகாமணி. விருதுச் செய்தி கேட்டு, "அந்த ஜீனு எம்மாம் பெருசு இருக்கும்?" என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியாது என்றதும், "தெரியாததுக்கே பரிசுன்னா, தெரிஞ்சிருந்தா ஊரையே எழுதிக் குடுத்திருப்பானுங்க," என்றார்.

டீயை முடித்துவிட்டு, அழுகல் வரிசை எதற்கு என்று எழில்மதி நிதானமாகச் சொன்னாள். புகை பிடித்துக்கொண்டிருந்தவர் பீடியைக் கீழே போட்டார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அப்ப நாங்க கெடுத்துட்டமா?" என்றார் தெய்வசிகாமணி. உடனே எழுந்தார். "அதனால இன்னா? அந்தாண்ட கழனில அழுகல் ஜாஸ்தியா கெடக்குது. நோண்டியாந்து அவங்க வரதுக்குள்ள நட்டுடறோம்."

"அது பொய் மாமா."

"புடுங்கினது நெசந்தான? திருப்பி நட்டா இன்னா பொய்யி?"

ஒரு நிமிடம் அவள் மனம் அதன் பக்கம் சாய்ந்தது. ஆட்கள் செய்துவிடுவார்கள், நேர்த்தியாகவும் செய்வார்கள். ஆனால் நாளைக்கு இந்த ரகத்தை நம்பி பயிர் வைக்கப்போகிறவன் கழனியில்தான் இவர்கள் வெட்ட வேண்டும். அங்கே அது அழுகினால் ஏச்சும் இவர்களுக்குத்தான்.

"வேணாம்," என்றாள். "உக்காரு மாமா."

ஜீப் வந்தது. குழுத் தலைவி நரைத்த தலையுடைய அம்மாள். கழனியைச் சுற்றி வந்து, வெற்று மண்ணின் முன்னால் நின்றார்.

"ஒப்பு வரிசை எங்கே? பழைய ரகத்தை யார் எடுத்தது?"

தெய்வசிகாமணி துண்டைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் எழில்மதி சொன்னாள்: "என் சொந்தக்காரங்க மேடம். வெட்டு ஆளுங்க. இது எதுக்குன்னு நான் அவங்களுக்குச் சொல்லல. தப்பு என்னுது."

அம்மாள் கரி பிடித்த முகங்களைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. ஒப்பு வரிசை இல்லாத சோதனையை ஏற்க வழியில்லை. அடுத்த வருடம் இதே கழனியில், இதே நோயோடு காட்டினால் ரகத்தை வெளியிடுவது பற்றிப் பார்க்கலாம் என்றார். ஜீப் போய்விட்டது.

இதே கழனி. அதுதான் சிக்கல். இந்தப் பயிரோடு சரி என்றுதான் ராமசாமி சம்மதித்திருந்தார். நோய்க் கரும்புக்கு நிலம் விட்டதற்கே ஊர்க்காரர்கள் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். மகன் இளவரசன், மண்ணைச் சுத்தம் செய்து நெல் நட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். வரப்பு முனையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற ராமசாமியிடம் தெய்வசிகாமணி போனார்.

"ஐயா, உங்க கிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. தப்பு நாங்க பண்ணது. அவளுக்கு இன்னும் ஒரு வருசம் கழனிய உடணும்."

"நீ புடுங்கினதுக்கு எங்கழனியா?"

"ஆமாங்க."

ராமசாமி எழில்மதியைப் பார்த்தார். சின்னப் பிள்ளையில் அவளை 'ஏ புள்ள' என்று கூப்பிட்டவர். இப்போது வா என்பதா வாங்க என்பதா என்று தெரியாமல் மொட்டையாகவே பேசுவார்.

"ஆளுங்க மேல பழியப் போட்டிருந்தா அந்தம்மா இரக்கப்பட்டிருக்கும்," என்றார். "ஏன் போடல?"

"அந்தத் தப்பு அவங்க பண்ணது இல்ல ஐயா. அவங்க புடுங்கினதத்தான் நான் சொன்னேன். அவங்களாலதான் நான் இங்க நிக்கறேன், அதையும் சேத்துச் சொல்லியிருக்கணும். சொல்ல வரல."

ராமசாமி வெற்று மண்ணை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "அழுகல்ல ஒரு வருசம் எங்கழனிலருந்து ஒரு லோடுகூட ஏறல. வரப்புல குந்தி அழுதுக்கினு இருந்தேன். ஆளில்லைன்னு நெனச்சேன், இவன் பாத்துட்டான்," என்று தெய்வசிகாமணியைக் காட்டினார். "ஊர்ல ஒருத்தங்கிட்டயும் சொல்லல. இன்னும் ஒரு வருசம் கழனில நோவ வெச்சிக்கட்டும். எம்மவனுக்கு நான் சொல்லிக்கறேன். ஆனா ஒண்ணு, இந்தக் கும்பல உள்ள உடக் கூடாது."

"அவங்கதான் நடணும் ஐயா," என்றாள் எழில்மதி.

நின்றிருந்த புது ரகத்தை வெட்டி எடை போட்டபின், மாசியில் இரண்டு ரகத்தையும் வரிசை வரிசையாகத் திரும்ப நட்டார்கள். பழைய ரகத்தின் விதைக் கரணைத் துண்டுகளைப் பரப்பிவைத்துக்கொண்டு தெய்வசிகாமணி வெகு நேரம் நின்றார். "சாவட்டும்னே நடறது. இந்தக் கை இப்பிடி ஒரு வேல பாத்ததில்ல," என்று புலம்பினார். ஆனால் நட்டார். முளைவிடும் பருவைப் பக்கவாட்டில் திருப்பி, மண் அணைத்து, நல்ல கரும்புக்குச் செய்கிற மாதிரியே எல்லாம் செய்தார்.

ஆவணியில் ஒரு நாள் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தபோது அவளுக்குப் போன் வந்தது.

"மதி," என்றார் தெய்வசிகாமணி. மூச்சு வாங்கியது, கழனியிலிருந்து ஓடி வந்திருப்பார். "பழசுல மூணாவது எல மஞ்சளாயிடுச்சு. ஒண்ண ஒடச்சுப் பாத்தேன், உள்ள செக்கச்செவேல்னு இருக்குது. நல்லா சாவுது. உன்னுது பக்கத்துலயே கல்லு மாதிரி நிக்குது."

"நீ எடுத்துடாத மாமா," என்றாள்.

"கையி நமநமன்னுதான் இருக்குது. அடக்கிக்கினுதான் இருக்கேன்."