வாசல்வரை போன பேரம்

திரைச்சீலைக் கடைக்காரர் பேரத்துக்குப் பேர்போனவர். "இதுக்கு மேல ஒரு பைசா குறையாது" என்று சொல்லிவிட்டுத் துணியை மடிக்க ஆரம்பித்துவிடுவார். வந்தவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடப்பார். இவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். கதவுப்பிடியில் கை வைக்கும் நேரம் பார்த்து, கல்லாவுக்குப் பின்னாலிருந்து கடைக்காரர் மனைவியின் குரல் வரும்.

"அட, எங்க கிளம்பிட்டீங்க? வாங்க, பேசிக்கலாம். அவர் கிடக்கறார்!"

அந்த 'அவர் கிடக்கறார்' எத்தனை ஜன்னல்களுக்குத் துணி விற்றிருக்கும் என்று கணக்கே கிடையாது. வந்தவர் ஏதோ கோட்டையைப் பிடித்தவர்போலத் திரும்பி வருவார். புருஷனும் பெண்டாட்டியும் காலையிலேயே பேசி வைத்திருந்த விலைக்கு வாங்கிக்கொண்டு, கை கொடுத்துவிட்டுப் போவார். அத்தனை வருடக் குடித்தனத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான் என்று மகள் கேலி செய்வாள்.

இணையத்தில் கடை திறந்தபோது, முகப்பில் கணினித் திரை முழுக்க நிற்கிற மாதிரி ஒரு பெரிய படம் வேண்டும் என்றார்கள். படமெடுப்பவர் வந்து அம்மாளை ஜன்னலோரம் நிறுத்திச் சிரிக்கச் சொன்னார். பல் டாக்டரிடம் வாய் காட்டுவதுபோலச் சிரித்தாள். ஒன்றும் தேறவில்லை. அவர் அலுத்துப்போய் விளக்குகளை மடக்க ஆரம்பித்த நேரத்தில், விலை படியாமல் ஒருத்தர் வாசலுக்கு நடந்தார். அவள் பச்சைத் திரையை ஒரு கையால் விலக்கிக்கொண்டு, மறு கையை நீட்டி, "அட, எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள். படமெடுப்பவர் சட்டென்று அழுத்திவிட்டார். அதுதான் முகப்புப் படமாயிற்று.

அவள் போய் ஒரு வருடமாகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்புவதற்குள் போய்விட்டாள்.

கடைக்காரர் காலையில் வந்ததும் கணினியில் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பார். கனமான படம். மேலிருந்து வரிவரியாக இறங்கும். முதலில் வகிடு, அப்புறம் புருவம், அப்புறம் சிரிப்பு, கடைசியாக நீட்டிய கை. அவள் முழுசாக வந்து சேரும்வரை அவர் ஒரு பெட்டியைக்கூடப் பிரிக்கமாட்டார்.

அன்றைக்கு மகளும், வலைத்தளம் வடிவமைக்கிற பெண்ணும் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். படங்களை வெட்டி ஒட்டுவதே பிழைப்பு என்பதால் அந்தப் பெண்ணுக்கு மகள் வைத்த பட்டப்பெயர் கத்தரி.

"அப்பா, முகப்புப் படத்தை மாத்தணும்," என்றாள் மகள்.

"ஏன், படத்துக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல் இல்ல சார், கனம்," என்றாள் கத்தரி. "பக்கம் திறக்கறதுக்குள்ள ஆளுங்க போயிடறாங்க."

"போனா போகட்டும். வாங்கறவன் காத்திருப்பான்."

"கடையில காத்திருப்பான்பா. போன்ல அடுத்த கடை விரல் நுனியில இருக்கு."

"படத்தை இளைக்க வைங்களேன். மனுஷங்களையே இளைக்க வைக்கறீங்க."

"அதைச் செஞ்சிடலாம் சார். ஆனா, தள்ளுபடின்னு எழுத இடமில்ல. எங்க எழுதினாலும் அம்மா மேலதான் விழுது. கம்ப்யூட்டர்ல பாக்கறவங்களும் அவங்க முகத்தைத்தான் பாக்கறாங்க, துணியைப் பாக்கறதில்ல. அந்தப் பச்சைத் துணியும் இப்ப கடையில இல்ல."

கடைக்காரர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். பேரம் தொடங்கிவிட்டது.

"சரி, பாதித் திரை. அவளுக்குப் பாதி, துணிக்குப் பாதி."

"ரெண்டும் கெட்டுப்போயிடும் சார்."

"மாறி மாறி வர்ற படம் இருக்கே, அதுல ஒண்ணா வை. கடைசியாக்கூட இருக்கட்டும்."

"முதல் படத்துக்கு மேல யாரும் நின்னு பாக்கமாட்டாங்க. வேணும்னா 'எங்களைப் பத்தி'ன்னு உள்ள ஒரு பக்கம் இருக்கு, அதுல சின்னதா வைக்கலாம். ஆனா உள்ளதைச் சொல்றேன், அந்தப் பக்கமும் யாரும் போறதில்ல."

மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணிக்கு இத்தனை சீக்கிரம் இறங்கி வந்து அவள் பார்த்ததே இல்லை. அவளுக்கும் அது அம்மாதான். ஆனால் மாத வாடகைக்குப் பதில் சொல்கிறவளும் அவள்தான்.

கத்தரி தயங்கினாள். "சார், கோச்சுக்காதீங்க." தன் போனில் கடைப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

குறுகலான திரையில் பச்சைத் துணி இருந்தது. ஓரத்தில் இரண்டு விரல்கள். அவ்வளவுதான்.

"இவ எங்க?"

"அம்மா ஓரமா நின்னாங்க சார். போன்ல நடுப்பகுதிதான் நிக்கும், ஓரம் தானா வெட்டுப்படும். நமக்கு வர்றவங்க பாதிக்கு மேல போன்லதான் வர்றாங்க. அவங்கள்ல யாரும் அம்மாவைப் பாத்ததே இல்ல."

இல்லாத சரக்குக்கு இவ்வளவு நேரம் விலை பேசியிருக்கிறார். அவர் போனைத் திருப்பி வைத்துவிட்டு எழுந்தார்.

"அப்படின்னா எனக்கு இந்த வெப்சைட்டே வேண்டாம்!"

விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். பாதி தூரத்தில் நடை தானாகத் தளர்ந்தது. கதவுப்பிடியில் கை வைத்து நின்றார். பிடி சில்லென்றிருந்தது. கடைக்குள்ளிருந்து எத்தனையோ பேரை இந்த இடம்வரை நடக்க விட்டிருக்கிறார். தான் இங்கே இப்படி நின்றதில்லை. கண்ணாடிக்கு வெளியே தெருவில் ஒரு லாரியிலிருந்து நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாற்காலி, இன்னொரு நாற்காலி, இன்னொன்று.

உள்ளே கத்தரி மெதுவாகக் கேட்டாள். "சார் கிளம்பிட்டாரா?"

"விடுங்க, காத்து வாங்கட்டும்," என்றாள் மகள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

லாரி காலியாகிக் கிளம்பிப் போனது. கடைக்காரர் பிடியை விட்டுவிட்டுத் தானாகவே திரும்பி நடந்து வந்து உட்கார்ந்தார்.

"மாத்திடுங்க."

"நிஜமாவாப்பா? வேணும்னா யோசிச்சு..."

"வாசல் வரைக்கும் போயிட்டு வந்தாச்சு. இதுக்கு மேல பேச என்ன இருக்கு?"

மகளுக்குப் புரியவில்லை. கத்தரிதான் கேட்டாள். "அப்ப 'எங்களைப் பத்தி'ல வைக்கட்டுமா சார்?"

"வேண்டாம்மா. ஆள் வராத இடத்துல அவளை நிறுத்தாதீங்க. அவளுக்குக் கூப்பிட ஆள் வேணும்."

புதுப் படம் கைவசம் தயாராக இருந்தது. வெறும் ஜன்னல், வெள்ளைத் திரை, எழுத்துக்கு வேண்டிய மட்டும் இடம். மாற்றி முடித்ததும் மகள் கணினியை அவர் பக்கம் திருப்பிப் பக்கத்தை மறுபடி திறந்தாள். அவர் வழக்கம்போல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையின் மேல் ஓரத்தில் பார்வையை வைத்தார். வரிவரியாக எதுவும் இறங்கவில்லை. ஜன்னல் ஒரேயடியாக வந்து நின்றது.

"பாத்தீங்களாப்பா, எவ்வளவு சீக்கிரம்!"

"ஆமாம்மா," என்றார். "ரொம்ப சீக்கிரம்."

பிறகு எழுந்துபோய், ஏற்கெனவே மடித்திருந்த துணி ஒன்றைப் பிரித்து, முதலிலிருந்து மடிக்க ஆரம்பித்தார்.