நாலாவது ஷரத்து

அன்று காலை பத்தாம் வகுப்பில் வெர்சேல்ஸ் உடன்படிக்கையைத்தான் நடத்தினாரா, இல்லை, பிறகு நடந்தவற்றுக்குப் பொருத்தமாக மனம் அதைக் கொண்டுவந்து அந்த நாளோடு ஒட்டிவைத்துக்கொண்டதா என்று இராஜாங்கத்துக்கு இப்போது சொல்லத் தெரியாது. எழுபத்தொன்றாம் வருஷம், தை மாதம் என்பது மட்டும் நிச்சயம். சம்பாக் கதிர் முற்றித் தலைசாய்ந்து கிடந்தது. தெற்குத் தெருக்காரர்கள் கூலியில் அரைப்படி கூட்டிக் கேட்டார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். வரப்பில் கைகலப்பு. இராஜாங்கத்தின் அக்காள் புருஷன் சாமிதுரையின் வலது கையை மிராசுதாரின் காரியக்காரர் தடியால் அடித்து முறித்தார். மறுநாள் விடியும்போது மிராசுதாரின் களத்துக் கொட்டகை எரிந்துகொண்டிருந்தது. தீ வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. அதன்பிறகு பதினெட்டு நாள் அந்த வயல்களில் அரிவாள் இறங்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம். எழுதுவதற்கு இராஜாங்கத்தை வரச்சொன்னவர் தாசில்தார் அப்துல் வஹாப். தேர்தல் வேலையில் இராஜாங்கத்தின் கையெழுத்தைப் பார்த்து வியந்தவர். தெற்குத் தெருவில் பிறந்த முதல் பட்டதாரி எழுதினால் அவர்களும் நம்புவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கலாம். பெஞ்சில் தெருவின் சார்பாக ஐந்து பேர். நடுவில் அக்காள் அம்சவல்லி. எதிரில் மிராசுதார், மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவரைப் போல அமைதியாக இருந்தார்.

கூலி ஏறியது. உள்ளூர் ஆள் இருக்கும்போது வெளியாள் கூடாது என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்டது. வழக்குகளைத் திரும்பப் பெறுவது மூன்றாவது. நாலாவதைத் தாசில்தார் வாசிக்கும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். நடந்த கலகம் முழுவதற்கும், கொட்டகை எரிந்தது உட்பட, தெற்குத் தெருவாரே காரணம். மிராசு தரப்பில் எந்தத் தூண்டுதலும் இல்லை. இதைத் தெருவார் மனமார ஒப்புக்கொள்கிறார்கள்.

இராஜாங்கம் பேனாவை நிறுத்தினார். முதல் உலகப்போர் முடிந்ததும் வெர்சேல்ஸில் ஜெர்மானியரிடமும் இப்படித்தான் எழுதி வாங்கினார்கள். நிலம் போனதும் கப்பல் போனதும்கூட அவர்களுக்கு ஆறியிருக்கும். எல்லாம் உன்னால்தான் என்ற அந்த ஒரு வரி ஆறவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் ஊர் ஊராகப் பேசினான். இருபது வருஷத்தில் மறுபடி உலகம் எரிந்தது. பத்து மதிப்பெண் கேள்வி. வருஷம் தவறாமல் வரும்.

"என்ன வாத்தியாரே, மை தீந்துடுச்சா?" என்றார் மிராசுதார்.

"இந்த நாலாவது வேணுமாங்க?"

"நீங்க என்ன பாடம் நடத்துறீங்க?"

"சரித்திரம்."

"அப்பத் தெரியுமே. தோத்தவங்கிட்ட எழுதி வாங்கறதுதானே வழக்கம்?"

அதற்கு இராஜாங்கம், "அப்புறம் என்ன ஆச்சுங்கறதும் தெரியும்ங்க" என்று சொன்னார். சொன்னதாகத்தான் ஞாபகம். அக்காளைக் கேட்டால், "நீ எங்க வாயத் தொறந்தே? மைக்கூட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தே" என்பாள்.

அக்காள் பேசியதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. "எழுது தம்பி. மணி உதிருது. புள்ளைங்க நத்தையும் கீரையும் தின்னு வயித்தால போவுதுங்க. பழிதானே, எங்க மேல இல்லாததா? இதையும் சேத்து வச்சிக்கிறோம், எழுது."

மூன்று பிரதிகள். முத்திரைத்தாளில் கார்பன் வைக்கக்கூடாது என்பதால் மூன்றும் கையால். தாலுகா ஆபீசுக்கும் மிராசுதாருக்கும் எழுதியதைத் தாசில்தார் வரிவரியாகப் படித்தார். மூன்றாவது தெருவுக்கு. அதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. ஜீப்பை ஓட்டிவந்தவர் இரண்டு தடவை எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். இராஜாங்கம் மூன்றாவது ஷரத்தை முடித்தார், நாலு என்று எண் போட்டார், அதற்கு நேராக ஐந்தாவதை எழுதினார். திட்டம் என்று ஒன்றும் இல்லை. இந்தக் காகிதம் தெருவில் இருக்கும், நாளைக்குப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள், அவர்கள் கண்ணில் இது படவேண்டாம் என்று மட்டும் தோன்றியது. ஐந்து பேரும் ரேகை வைத்தார்கள். மிராசுதார் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். மறுநாள் அறுப்பு.

அதன்பிறகு எட்டு வருஷம் ஜீப் சத்தம் கேட்டால் அவர் எழுந்து வாசலை எட்டிப் பார்ப்பார். வகுப்பில் அந்தப் பாடம் வந்தால் புத்தகத்தைப் பார்த்து வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். ஊரில் சண்டை இல்லைதான். ஆனால் நடவுக்கு ஆள் தாமதமானாலும், மாடு வரப்பில் இறங்கினாலும் காரியக்காரர், "எழுதிக் குடுத்த கூட்டந்தானே" என்பார். பெரியவர்கள் கேட்டுக்கொண்டு குனிந்து நட்டார்கள். சின்னவர்கள் எதைச் சொல்கிறார் என்று கேட்டார்கள். யாரும் பதில் சொல்லவில்லை.

எழுபத்தொன்பதில் யாரோ மடைப் பலகையை உடைத்தார்கள். மிராசுதார் போலீசில் கொடுத்த புகாரில், இவர்கள் முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் என்று எழுதி நாலாவது ஷரத்தைக் காட்டினார். நாளை மறுபடி தாலுகா ஆபீசில் கூட்டம் என்று தெருவுக்குத் தகவல் வந்தது.

அன்று மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் அம்சவல்லி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வேப்பமரத்தடியில் நின்றாள். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது.

"நம்ம பொட்டியில இருந்த காயிதத்த நீலாம்பா எடுத்துப் படிச்சா" என்றாள். நீலாம்பாள் இப்போது தெருச் சங்கத்தின் செயலாளர், பியூசி படித்தவள். "தெருவே கூடி நிக்கிது. நாலாவதுன்னு வேற என்னமோ படிக்கிறா. கொட்டாய் இல்ல, தூண்டுதல் இல்ல, ஒண்ணும் இல்ல."

இராஜாங்கம் சாப்பாட்டுத் தூக்கை மூடினார்.

"பண்ணையில கள்ளக் காயிதம் பண்ணிட்டான்னு ஆடுறாளுவ. நாளைக்கித் தாசில்தார் மூஞ்சில விசிறி அடிக்கப் போறாளாம். தெருவே கம்போட கெளம்புது. அங்க ரெண்டு காயிதம் ஒரு மாதிரி இருக்கும். இவ கையில இருக்கறது ஒண்ணு வேற மாதிரி. யாருக்குடா வெலங்கு மாட்டுவான்?"

"அக்கா, நான் நல்லதுக்குத்தான்..."

"என்ன நல்லது? நான் காதால கேட்டு, தெரிஞ்சுதான் ரேகை வச்சேன். எம் புருசன் கையி வெளங்காமப் போனதுக்கு அவனேதான் காரணம்னு ஒத்துக்கிட்டு வச்சேன். பதினெட்டு நாள் பட்டினிக்கி அதான் வெல. எட்டு வருசமா அதச் சொமந்துக்கிட்டு அந்தாளு வயல்ல குனிஞ்சேன். நீ பேனாவால அதத் தொடச்சிட்டே. இப்ப புள்ளைங்க, 'ஏன் அத்த, எழுதவே இல்லாததுக்கா இத்தன வருசம் குனிஞ்சே'ன்னு கேக்குதுங்க. நான் என்ன சொல்லட்டும்?"

பையன்கள் குழாயடியில் தட்டுக் கழுவும் சத்தம் நெடுநேரம் கேட்டது. கூட்டத்தில் உண்மையைச் சொன்னால் வேலை போகும், ஜெயிலும் கிடைக்கலாம். தெருவின் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் நீலாம்பாள் போவாள், அவள் பின்னால் கம்புகள் போகும், அங்கே போலீஸ் நிற்கும். மூன்றாவதாக ஒரு வழியை அவர் தேடிக்கொண்டே இருந்தார். அக்காள் அதற்குள் படலைத் தாண்டிப் போய்விட்டாள்.

மறுநாள் நீலாம்பாள் காகிதத்தை மடியிலிருந்து எடுப்பதற்கு முன்பே இராஜாங்கம் எழுந்து நின்றார். "அந்தப் பிரதியில ஒரு ஷரத்தை விட்டது நான்தான். தெருவுக்குத் தெரியாது. பண்ணைக்கும் தெரியாது." புதிய தாசில்தார் மூன்று தாள்களையும் வரிசையாக வைத்து விரலை ஓட்டிப் பார்த்தார். மிராசுதார் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படிக்காமல் போட்டேன் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

நீலாம்பாள்தான் முதலில் பேசினாள். "எங்களுக்குப் பாத்துச் செய்ய நீங்க யாரு சார்?"

வெளியே கம்போடு நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்று புரிய வெகுநேரம் ஆயிற்று. புரிந்ததும் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். மிராசுதாரைத் திட்டுவதற்கென்று வந்த வாய்கள் அவரைத் தாண்டும்போது மூடிக்கொண்டன.

இராஜாங்கத்தை இடைநீக்கம் செய்தார்கள். பதினொரு மாதம் கழித்து, சம்பள உயர்வை வெட்டி, கடலோரத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கே புவியியல் கொடுத்தார்கள். மிராசுதார் எண்பத்திரண்டில் நிலத்தை விற்றுவிட்டுத் தஞ்சாவூருக்குப் போனார். வாங்கியவர்களில் நீலாம்பாளின் அண்ணனும் ஒருவர். நீலாம்பாள் இரண்டு தடவை ஊராட்சித் தலைவரானாள். அவள் காலத்தில் எந்தப் பத்திரமும் தெருவில் மூன்று பேர் சத்தமாகப் படித்துக் காட்டாமல் கையெழுத்தாகவில்லை. சாமிதுரை கை நீட்ட முடியாமலே செத்துப்போனார். மூன்று பிரதிகளும் தாலுகா ஆபீசில் ஒரே உறையில் இருக்கின்றன. அம்சவல்லி இருக்கிறாள். தம்பி வந்தால் சோறு போடுவாள். எதிரில் உட்கார்ந்து, அவர் சாப்பிட்டுக் கை கழுவும்வரை ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.