அறுபதாவது அடி

1943 சித்திரையில், திருத்தணி மலைக்கு மேற்கே கிணறு வெட்டிக்கொண்டிருந்த துளசிங்கத்துக்கு அறுபதாவது அடியில் தண்ணீர் வரவில்லை. காலம் பிறப்பதற்கு முந்திய நேரம் வந்தது. கடப்பாரை பாறையைத் துளைத்து அந்தப் பக்கம் போய், விழாமல் அப்படியே நின்றது. அங்கே இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. உலகத்தின் முதல் நாள் இன்னும் விடியவில்லை, அவ்வளவுதான். ஊரார் நாலைந்து நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆடிக் கிருத்திகைக்கு முன்னாலேயே பறித்த மல்லியைப் பூக்காரர்கள் கூடையில் இறக்கிவைத்து, பத்து நாள் கழித்து மொட்டாகவே எடுத்துப் போனார்கள். தண்ணீர் இல்லாத கிணறு அதற்காவது ஆகட்டும் என்று துளசிங்கத்தின் மனைவி ஜெயம்மா விட்டுவிட்டாள்.

ஐப்பசியில் வாந்திபேதி வந்தது. அவர்களுடைய ஒரே மகள் கோமளவல்லிக்கு ஏழு வயசு. விடியற்காலையில் படுத்தவளுக்கு மத்தியானத்துக்குள் கண் குழிவிழுந்து, விரல் தோல் சுருங்கிவிட்டது. வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, குழந்தையின் கையை மெதுவாகக் கீழே வைத்தார். ஜெயம்மா யாரையும் கேட்கவில்லை. மண் அள்ளும் கூடையில் பழம்புடவையை விரித்து மகளைக் கிடத்தி, கயிற்றைப் புருஷன் கையில் கொடுத்தாள். கூடை அறுபதாவது அடியைத் தாண்டியதும் முனகல் நின்றது. பாதி இழுத்த மூச்சு பாதியிலேயே நின்றது. அவள் சாகவில்லை.

நாலு வருஷம் அப்படியே போயிற்று. களை பறித்துவிட்டு வந்ததும் ஜெயம்மா கிணற்றில் இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்து மகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எட்டும் தூரம்தான். ஆனால் அந்த எல்லையைத் தாண்டிய கைக்கு உணர்ச்சி கிடையாது; கன்னத்தைத் தொட்டோமா இல்லையா என்பது கையை எடுத்த பிறகும் தெரியாது. மகள் எழுந்தால் மலைமேல் மொட்டை போடுவதாகத் துளசிங்கம் முருகனுக்கு வேண்டிக்கொண்டான். தாடி நெஞ்சுவரை இறங்கி, வெளுத்தும் போனது. மகளோடு விளையாடிய பெண்கள் அம்மாக்களின் தோளுயரம் வளர்ந்தார்கள்.

1948 தை மாதம் கம்பவுண்டர் நாகேந்திரன் ஊருக்கு வந்தார். உப்புத் தண்ணீரை ஊசி வழியாக நரம்பில் ஏற்றினால் இந்த நோயில் பலர் பிழைக்கிறார்கள் என்றார். சத்தியம் எதுவும் செய்யவில்லை.

ஜெயம்மா வேண்டாம் என்றாள். "இங்க இருந்தா சாவமாட்டா."

"பொழைக்கவும் மாட்டாளே ஜெயா," என்றான் துளசிங்கம். "பாதி மூச்சுல நாமதான் நிறுத்தி வெச்சிகினு இருக்கோம்."

மூன்று நாள் அவள் கடைசிப் படியைவிட்டு ஏறி வரவில்லை. நாலாம் நாள் காலையில் கயிற்றின் முடிச்சை அவளே அவிழ்த்தாள்.

கூடை மேலே வந்ததும் கோமளவல்லி நாலு வருஷத்து மூச்சை முழுசாக விட்டாள். கண் திறந்தாள். துளசிங்கம் அவளை மடியில் வாங்கிக்கொண்டான். நாகேந்திரன் இரண்டு கையிலும், பிறகு காலிலும் நரம்பைத் தேடினார். எல்லாம் வற்றி ஒட்டிக் கிடந்தன. குழந்தை தன்னைப் பிடித்திருந்த தாடிக்காரனைப் பார்த்து மிரண்டு, அம்மா பக்கம் தலையைத் திருப்பியது.

"நைனா எங்கம்மா?"

ஜெயம்மா புருஷனைப் பார்த்தாள்.

"வந்துகினு இருக்காரும்மா," என்று துளசிங்கமே சொன்னான், யாரோ அயலான்போல.

கோமளவல்லி வரப்புப் பக்கம் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள். வெயில் உச்சிக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் கிணற்றுக்குள் விடிந்தது. முதலில் சிவப்பாக வெளிச்சம், பிறகு ஓயாத மழை. அடுத்த ஆடிக்குள் அடியில் கடல் சேர்ந்துவிட்டது. மணியக்காரர் ராஜமாணிக்கம் வாளி விட்டு மொண்டு, நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு, பாசனத்துக்கு ஆகாது என்று எழுதிக்கொண்டு போனார். அந்தக் கடலில் மீன் உண்டாகவே கோடி வருஷம் ஆகும் என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்னார். துளசிங்கம் அதற்குப் பிறகு எந்தக் கிணற்றையும் ஐம்பது அடியோடு நிறுத்திக்கொண்டான். ஜெயம்மா கழனிக்குப் போகிற வழியில் அலைச் சத்தம் கேட்கும். அவள் நின்று கேட்பதில்லை. வழியை மாற்றிக்கொள்ளவும் இல்லை.