தோங் சியூ-ஹாங்கின் முதுகு

முப்பத்தொன்றாவது வயதில் தோங் சியூ-ஹாங்கின் முகம் யாருக்கும் தெரியாமல் போனது. முன்னால் போய் நின்றாலும் முதுகு, சுற்றிவந்து பார்த்தாலும் முதுகு. ஹாங்காங் சண்டைப் படங்களில் கதாநாயகனுக்குப் பதிலாகக் குதிப்பது அவர் வேலை. முகம் கேமராவில் பட்டுவிட்டால் காட்சி வீண், ஃபிலிமும் வீண். வருஷக்கணக்காக "திரும்பாதே, திரும்பாதே" என்று கேட்ட உடம்பு கடைசியில் அதையே பிடித்துக்கொண்டது. மோங் காக் பேட்டை முடிதிருத்துபவர் தடவிப் பார்த்துச் சவரம் செய்தார். அடையாள அட்டையிலும் முதுகுதான். அதிகாரி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். பழைய கல்யாணப் போட்டோவில்கூட மாப்பிள்ளை திரும்பிக்கொண்டார். "சண்டை போட்டாக்கூட சுவத்தோட பேசுற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு மக்காவ் நகரிலிருந்த அண்ணன் வீட்டுக்குப் போன மனைவி வரவேயில்லை. அதற்கெல்லாம் பிறகுதான் பேச்சுப் பழகிய மகள் வாய்-சானுக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்த நினைவே இல்லை.

"என் மூக்கு உன்னோடதாப்பா, அம்மாவோடதா?"

"அம்மாவோடதுன்னுதான் நெனைக்கிறேன். நானும் கண்ணாடில பாத்து நாளாச்சு" என்றது முதுகு, நூடுல்ஸை உறிஞ்சியபடி.

யாவ் மா தேய் தியேட்டரில் அவர் குதித்த ஒரு படத்தையும் அவள் விடவில்லை. எங்காவது ஒரு நொடி தவறி முகம் தெரியாதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். பிளாஸ்டிக் பூ ஆலையில் நாளெல்லாம் திட்டு வாங்கியவர்கள், ஒருத்தன் பத்துப் பேரை உதைத்துவிட்டுப் பயமே இல்லாமல் மாடியிலிருந்து குதிப்பதைப் பார்த்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அந்தக் குதிப்புக்குத்தான் டிக்கெட்.

"அது எங்கப்பாவோட முதுகு" என்றாள் ஒருமுறை.

"ஆமா, எங்கப்பாதான் வில்லன். உக்காரு பாப்பா, மறைக்குது" என்றார் பின்னாலிருந்தவர்.

அந்த வருஷம் ஒரு படத்துக்காக நான்காவது மாடியிலிருந்து நியான் விளக்குப் பலகையை உடைத்துக்கொண்டு குதிக்க வேண்டியிருந்தது. பலகை ஒன்றே ஒன்று. சியூ-ஹாங் பாதி வழியில் தலையைத் திருப்பினார். "மூஞ்சிய காட்டிட்டானே படுபாவி" என்று இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி எடுக்க வழியில்லை, அப்படியே விட்டார்கள். தியேட்டரில் கதாநாயகனுக்குப் பதில் அந்த அந்நிய முகம் வந்ததும் கூச்சல். கரும்புச் சக்கை திரையில் போய் விழுந்தது. வாய்-சான் மட்டும் எழுந்து நின்றாள். மூக்கைக் கவனிக்க மறந்துபோனாள். திரையில் வாயைப் பிளந்து, கண்களை இறுக மூடிக்கொண்டு ஒரு மனிதர் விழுந்துகொண்டிருந்தார்.

வீட்டில் முதுகு காத்திருந்தது.

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுப்பா. ரொம்ப பயந்திருந்தே."

"எல்லாத் தடவையும் அப்படித்தான்."

அதன்பின் யாரும் அவரைக் குதிக்கக் கூப்பிடவில்லை. முகம் திரும்பி வரவும் இல்லை. அன்று ராத்திரி மகள் தன் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அந்த முதுகில் கைவைத்தபடியே சாப்பிட்டு முடித்தாள். மறுநாளும் அப்படித்தான் சாப்பிட்டாள்.