துப்பில்லையா

1.

இந்தக் கதை ஒரு வசவிலிருந்து பிறந்தது. வைதவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதிக் கதைவரை என்னை நல்லவள் என்று நம்பித் தொலைப்பீர்கள்.

போன கோடையில் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் வழி. அப்பா ஓட்ட, பக்கத்தில் நான். பின் இருக்கையில் அம்மா, அந்த வெயிலிலும் கழுத்தைச் சுற்றித் துண்டு. ஏசியைப் போட்டேன். இட்லிப் பானையைத் திறந்ததுபோல் சூடாக ஊதியது.

"ஊர்ல இருக்கிற மோட்டாருக்கெல்லாம் காயில் கட்டுறீங்க. முடியாத மனுஷிக்கு ஒரு ஏசியைச் சரி பண்ணத் துப்பில்லையாப்பா உங்களுக்கு?"

அப்பா கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். அம்மா வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தாள். 'பிள்ளையோடு சண்டை வேண்டாம்' என்று அதற்கு நான் பொருள் எடுத்துக்கொண்டேன்.

அம்மா போய் நான்கு மாதமாகிறது. சாவி, சாப்பாடு, கதவு என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு அப்பாவும் நானும் ஒரே வீட்டில் காலம் தள்ளுகிறோம்.

2.

முதலில் எழுதிய தொடக்கம்: "பனி பெய்துகொண்டிருந்த ஒரு காலையில்

(அடித்துவிட்டேன். நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் ஓயாமல் பனி பெய்கிறது. நான் நேரில் பார்த்த ஒரே பனி எங்கள் ஃப்ரீசரில் இருப்பதுதான்.)

இரண்டாவது: "குளிர் என்பது வெப்பத்தின் இன்மை, துக்கம் என்பது

(இதற்குமேல் பேனா நகரவில்லை. நல்லவேளை.)

மூன்றாவது: போன செவ்வாய்க்கிழமை, அப்பாவிடம் சொல்லாமல், காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். சில்லென்று ஆக்கி அப்பாவின் மோட்டார் பட்டறை வாசலில் நிறுத்த வேண்டும். துப்பு யாருக்கு இருக்கிறது என்று காட்ட வேண்டும். அழகில்லாத தொடக்கம்தான். ஆனால் நடந்தது இதுதான்.

3.

கார் ஏசி மட்டுமே பார்ப்பதால் மெக்கானிக்குக் கடைத்தெருவில் 'ஐஸ்' என்று பெயர். முந்தைய பிரதியில் அவருக்கு நரைத்த தாடி கொடுத்து, ஆழமான வாசகங்கள் பேசவைத்திருந்தேன். பாவம், உண்மையில் அவருக்கு நாற்பது வயது, மீசையில் பிஸ்கட் தூள்.

"கேஸ் போயிருக்கும். போட்டுடுங்கண்ணே."

"டாக்டர்கிட்டப் போனா ஊசி பேரையும் நீயே சொல்லுவியாம்மா?"

"இந்தத் தெருவுல உங்களுக்கு மிஞ்சின ஆள் இல்லேன்னாங்க..."

"எனக்கே ஐஸ் வைக்கிறியா? தள்ளி நில்லு."

இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, ஏசியின் இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்த்தார். ஒன்று சுட வேண்டும், ஒன்று குளிர வேண்டுமாம். இரண்டும் சுடவுமில்லை, குளிரவுமில்லை. மீட்டரை மாட்டினார், கேஸ் முழுதாக இருந்தது. ஃப்யூஸ் நன்றாக இருந்தது. ஹாரனின் ரிலேயைப் பிடுங்கி ஏசிக்குப் போட்டுப் பார்த்தார். என்னைச் சுவிட்சைத் தட்டச் சொல்லி, காதைச் சாய்த்துக் கேட்டார்.

"'டக்'குன்னு ஒரு சத்தம் வரணும். கம்ப்ரஸர் பிடிக்கிற சத்தம். வரல பாரு."

காருக்கு அடியில் படுத்தார். கொஞ்ச நேரம் கால்கள் மட்டும் தெரிந்தன.

"இது ரிப்பேரே இல்லம்மா."

4.

கம்ப்ரஸருக்குப் போகும் ஒயரின் பிளக் கழற்றப்பட்டிருந்தது. பிளக்கின் முனை, அது சொருகும் இடம், இரண்டையும் தனித்தனியே வெள்ளை டேப்பால் சுற்றி மூடியிருந்தது. ஐஸ் ஒரு டேப்பைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார். குளுக்கோஸ் ஏற்றும் ஊசி நகராமல் இருக்கக் கையில் ஒட்டுவார்களே, அந்த டேப்.

"கை சுத்தமான வேலை. கெடுக்க நினைச்சவன்னா ஒயரை அறுத்திருப்பான். இது ஈரம் ஏறாம மூடியிருக்கு. ஒருநாள் திரும்பச் சொருகணும்னு நெனச்சவர்தான் இப்படிச் செய்வார். யாரும்மா?"

(இந்த இடத்தில் என்னை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். நீக்கிவிட்டேன். நான் அழவில்லை. "எங்கப்பா" என்றேன், அவ்வளவுதான்.)

(இன்னொன்று: 'துப்பு' என்றால் திறமை. அதே சொல்லுக்குத் தடயம் என்றும் பொருள். வைதபோது எனக்கு ஒன்றுதான் தெரிந்திருந்தது.)

5.

டாஷ்போர்டு அறையிலேயே அம்மாவின் ஃபைல் இருந்தது. அதில் ஒரு வரிக்கு அடியில் அப்பாவின் பென்சில் கோடு: இந்த மருந்து ஏறும் நாட்களில் குளிர்ந்த எதுவும் படக்கூடாது, பட்டால் கையிலும் தொண்டையிலும் ஊசி குத்துவதுபோல் வலிக்கும், மூச்சடைப்பதுபோல் இருக்கும்.

அம்மா என்னிடம் சொன்னது "சாதாரண மருந்துதான் பாப்பா." கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அவள் ஃப்ரிட்ஜிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரைச் சுடவைத்துக் குடித்ததைக் கேட்டபோது "பல் கூச்சம்" என்றாள். நம்பினேன்.

ஏசியைப் போடாமல் இருந்தாலே போதுமே, பிளக்கை ஏன் கழற்ற வேண்டும்? ஏனென்றால், காரில் ஏறியதும் சுவிட்சைத் தட்டுகிறவள் நான். அம்மா தடுக்கமாட்டாள்; தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அவள் மறைக்க நினைத்ததை மறைக்க, அப்பா வண்டியைப் பழுதாக்கினார். பழி அவர்மேல் வந்தது. வாங்கிக்கொண்டார்.

6.

"சொருகிடவா?" என்று கேட்டார் ஐஸ்.

முடிவு ஒன்று: சொருகச் சொல்கிறேன். கார் குளிர்கிறது. அப்பாவும் நானும் கடற்கரைச் சாலையில்... (பொய். எங்கள் ஊரில் கடல் இல்லை.)

முடிவு இரண்டு: அப்படியே இருக்கட்டும் என்று திரும்புகிறேன். அப்பா செய்ததை அவிழ்க்க நான் யார்? (வாசிக்க நன்றாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகம்.)

முடிவு மூன்று: அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். (பதினோரு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் அப்பா "சாவி எங்க?" என்கிறார்.)

ஐஸுக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. இந்தத் தாள்களை இன்று காலை காரில், ஓட்டுநர் இருக்கையில் வைத்துவிட்டுப் போகிறேன். இவ்வளவு நேரம் உங்களையே 'அப்பா', 'அவர்' என்று வேறு யாரிடமோ சொல்வதுபோல் எழுதியதற்கு மன்னியுங்கள். உங்களிடம் நேராகப் பேச வேறு வழி தெரியவில்லை.

சாவி வண்டியிலேயே இருக்கிறது. அந்த டேப்பை இந்தப் பக்கத்தின் அடியில் ஒட்டியிருக்கிறேன். இன்ஜினை ஓடவிட்டு, சுவிட்சைத் தட்டி, அந்த 'டக்' சத்தம் வருகிறதா என்று கேளுங்கள், அப்பா.